ஃபைலுக்கும் ஒரு சீட்டு உண்டு!



சந்திப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கல்லூரியின் வரலாற்றை எழுத என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையில் நான் தலையிடப் போவதில்லை. நானோ தட்டாஞ்சாவடிப் பக்கம் சர்வர்களோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற இஞ்சினியர். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு சின்னப் பொருளின் வரலாற்றைச் சொல்கிறேன். லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபைலிலும் ஒட்டப்படுகிற பாதுகாப்பு லேபிள்தான் அந்தப் பொருள். அது எங்கிருந்து வந்தது, ஏன் தாறுமாறாகிறது, தாறுமாறானதைச் சரிசெய்ய 'ரெஸ்டோர்கான்' என்ற கட்டளை எப்படிப் பிறந்தது என்பதே கதை. சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டி விட வேண்டாம். கம்ப்யூட்டர் தெரியாமலே இதைப் படிக்கலாம். நம்ம ஊர் சங்கதியும் இதில் உண்டு.

மூட்டையும் சீட்டும்

தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தைக் கேள்விப்படாத புதுச்சேரிக்காரர் குறைவு. ஒரு பேச்சுக்கு, அதுபோன்ற ஒரு கிடங்கை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் ஒரு சீட்டு தைத்திருக்கிறது: 'விதை நெல்', 'சாப்பாட்டு நெல்', 'உளுந்து'. வாசலில் ஒரு காவலாளி. மூட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்பதை அவர் பார்ப்பதில்லை. சீட்டைப் பார்ப்பார், வந்திருக்கும் ஆள் என்ன வேலைக்கு வந்தவர் என்று பார்ப்பார், பிறகு கையில் உள்ள அட்டவணையைப் பார்ப்பார். 'மில் ஆட்கள் சாப்பாட்டு நெல்லை எடுக்கலாம், விதை நெல்லைத் தொடக்கூடாது' என்று அதில் எழுதியிருந்தால் அதுதான் சட்டம். மூட்டைக்குச் சொந்தக்காரரே வந்து, "பரவாயில்லப்பா, விடு" என்றாலும் விடமாட்டார்.

சரி, விதை நெல் கொட்டகையில் இருந்த ஒரு மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு நெல் கொட்டகையில் போட்டால் என்ன ஆகும்? சீட்டு மாறாது. இடம் மாறினாலும் அது 'விதை நெல்'தான். மில்லுக்குக் கிடைக்காது. அப்படியில்லாமல், அந்தக் கொட்டகையிலேயே ஒரு புதுச் சாக்கை விரித்து நெல்லை அதில் கொட்டினால், புதுச் சாக்குக்கு அந்தக் கொட்டகையின் சீட்டே விழும். லினக்ஸில் ஒரு ஃபைலை 'மூவ்' பண்ணுவது முதல் ரகம்; 'காப்பி' பண்ணுவது இரண்டாவது ரகம். இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக் கொண்டால் பாதிக் கதை முடிந்தது.

சொந்தக்காரர் ஆட்சி

1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸில் இப்படிச் சீட்டு எதுவும் கிடையாது. ஃபைலுக்கு ஒரு சொந்தக்காரர், ஒரு குழு, மற்றவர்கள். படிக்க, எழுத, இயக்க என்று மூன்று அனுமதிகள். யாருக்கு எதைக் கொடுப்பது என்பது சொந்தக்காரர் விருப்பம். 'ரூட்' என்ற பெரியவருக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.

எளிமையான ஏற்பாடு, இன்றைக்கும் அடித்தளம் அதுதான். ஆனால் ஒரு ஓட்டை. ஒரு ப்ரோகிராம் யார் பெயரில் ஓடுகிறதோ அவருடைய மொத்த அதிகாரமும் அதன் கையில் வந்துவிடும். ரூட் பெயரில் ஓடும் ஒரு ப்ரோகிராமை ஒரு திருடன் ஏமாற்றிவிட்டால், வீட்டுச் சாவிக்கொத்தே அவன் கையில்!

இராணுவம் கொண்டுவந்த லேபிள்

இதற்கு மாற்று அமெரிக்க இராணுவ வட்டாரத்திலிருந்து வந்தது. மைட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த டேவிட் பெல், லெனார்ட் லபாடுலா இருவரும் 1973-ல், அங்கே காகிதக் கோப்புகளுக்கு இருந்த 'இரகசியம்', 'அதிஇரகசியம்' என்ற முத்திரைகளைக் கணிதமாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். கீழ்ப்படியில் இருப்பவர் மேற்படிக் கோப்பைப் படிக்கக்கூடாது. மேற்படியில் இருப்பவர் கீழ்ப்படிக் கோப்பில் எழுதக்கூடாது. சொந்தக்காரர் நினைத்தாலும் இதை மாற்ற முடியாது. 1983-ல் வெளியாகி 1985-ல் திருத்தப்பட்ட அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 'ஆரஞ்சு புத்தகம்' (அட்டையின் நிறத்தால் வந்த பெயர்), ஒரு குறிப்பிட்ட தரத்துக்கு மேல் உள்ள கம்ப்யூட்டர்களில் லேபிள் கட்டாயம் என்றது.

ஆனால் இந்த ஏணி இராணுவத்துக்குத்தான் பொருந்தும். ஒரு ஃபாக்டரியில் சம்பளப் பட்டியலும் இ-மெயிலும் இருக்கின்றன. இதில் எது மேல்படி, எது கீழ்ப்படி? இரண்டும் வேறு வேறு வேலை, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டு 1985-ல் போபர்ட், கெயின் என்ற இருவர் ஏணியைத் தூக்கிப் போட்டுவிட்டு அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். ஃபைலுக்கு அது என்ன வகை என்று ஒரு லேபிள்; ப்ரோகிராமுக்கு அது என்ன வேலை செய்கிறது என்று ஒரு லேபிள்; எந்த வேலை எந்த வகையைத் தொடலாம் என்று ஒரு அட்டவணை. நம் கிடங்குக் காவலாளி பிறந்த இடம் இதுதான்.

உளவுத்துறை கொடுத்த இலவசம்

இந்தக் கருத்து பல ஆண்டுகள் ஆராய்ச்சிக் கூடங்களிலேயே கிடந்தது. அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ., செக்யூர் கம்ப்யூட்டிங் கார்ப்பரேஷன், யூட்டா பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து 1990-களில் 'ஃப்ளாஸ்க்' என்ற வடிவமைப்பை உருவாக்கின. அதன் சிறப்பு: சட்டத்தை எழுதும் பகுதி வேறு, சட்டத்தை அமல்படுத்தும் பகுதி வேறு. காவலாளியை மாற்றாமலே அட்டவணையை மாற்றலாம்.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி என்.எஸ்.ஏ. இந்த வடிவமைப்பை லினக்ஸில் பொருத்தி, 'எஸ்.இ.லினக்ஸ்' என்ற பெயரில் மூல நிரலோடு உலகத்துக்கு இலவசமாக வெளியிட்டது. ஒட்டுக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் பூட்டுச் செய்து தருகிறதே என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஆனால் பூட்டின் உள்பாகம் முழுக்க எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. பிரித்துப் பார்க்க யாருக்கும் தடையில்லை. 2001-ல் லினக்ஸ் கெர்னல் மாநாட்டில் இது முன்வைக்கப்பட்டபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரே ஒரு முறையை மட்டும் ஏற்கவில்லை. பல பாதுகாப்பு முறைகளும் வந்து பொருந்தக்கூடிய பொதுச் சட்டகம் வேண்டும் என்றார். அந்தச் சட்டகமும் அதில் பொருந்திய எஸ்.இ.லினக்ஸும் 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலில் எல்லாருக்கும் வந்து சேர்ந்தன.

சீட்டை எங்கே தைப்பது?

இனி நம் கதையின் மையத்துக்கு வருவோம். ஒரு கம்ப்யூட்டரில் இலட்சக்கணக்கான ஃபைல்கள். அவ்வளவுக்கும் முதல் லேபிளை யார் ஒட்டுவது? அதற்காகப் பெரிய பட்டியல் ஒன்று எழுதினார்கள். 'இந்தப் பாதையில் உள்ள ஃபைலுக்கு இந்த லேபிள்' என்று வரி வரியாகப் போகும் பட்டியல். வெப்சைட் டைரக்டரியில் இருப்பதற்கு ஒரு வகை, பாஸ்வேர்டு ஃபைலுக்கு ஒரு வகை, ஆட்களின் ஹோம் டைரக்டரிக்கு ஒரு வகை. அந்தப் பட்டியலைப் படித்து டிஸ்க் முழுதும் லேபிள் ஒட்ட, என்.எஸ்.ஏ.வின் ஸ்டீஃபன் ஸ்மாலி 'செட்ஃபைல்ஸ்' என்ற ப்ரோகிராமை எழுதினார்.

தொடக்கப் பதிப்புகளில் ஃபைலில் ஒரு எண் மட்டும் இருக்கும். எண்ணுக்கு என்ன லேபிள் என்பது தனிப் பதிவேட்டில் இருக்கும். 2.6 காலத்தில் லேபிள் ஃபைலோடேயே ஒட்டிக் கொண்டது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பட்டியல் பாதையைப் பார்த்து லேபிளைத் தீர்மானிக்கிறது. ஆனால் ஒட்டிய பிறகு லேபிள் பாதையை மறந்துவிடுகிறது. ஃபைலைப் பிடித்துக் கொள்கிறது. ஃபைல் இடம் மாறினால் பட்டியல் ஒன்று சொல்லும், லேபிள் வேறொன்று சொல்லும். மூட்டையும் கொட்டகையும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

ரெட் ஹாட் நிறுவனம் 2004 மே மாதம் வெளியிட்ட ஃபெடோரா கோர் 2-ல் எஸ்.இ.லினக்ஸ் இருந்தது, ஆனால் டிஃபால்ட்டாக அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. எல்லா ப்ரோகிராமையும் கட்டிப்போடும் கடுமையான சட்டத்தை அன்றாடப் புழக்கம் தாங்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஃபெடோரா கோர் 3-ல், நெட்வொர்க்கை எதிர்கொள்ளும் சில சேவைகளை மட்டும் கட்டுப்படுத்தும் மிதமான சட்டம் வந்தது. இந்த முறை டிஃபால்ட்டாக இயங்கியது. ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள் இதைத் தொடத் தொடங்கியதும், லேபிள் கெட்டுப்போவது தினசரிச் செய்தியாயிற்று. ஒரு ஃபைலைச் சரிசெய்ய டிஸ்க் முழுவதையும் திரும்ப ஒட்டிக் கொண்டிருக்க முடியுமா? ரெட் ஹாட்டின் டான் வால்ஷ் எழுதிய 'ரெஸ்டோர்கான்' இதற்கான விடை. ஒரு ஃபைலையோ டைரக்டரியையோ காட்டினால் போதும். பட்டியலைப் பார்த்து உரிய லேபிளை ஒட்டிவிடும். பிற்காலத்தில் செட்ஃபைல்ஸும் ரெஸ்டோர்கானும் ஒரே ப்ரோகிராமின் இரண்டு பெயர்களாகிவிட்டன.

"ஆஃப் பண்ணிடுங்கண்ணே!"

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனம், பெயர் வேண்டாம். ஸ்டாக் கணக்குக்கு ஒரு வெப்சைட். புதுப் பதிப்பை அங்கிருந்த பையன் தன் ஹோம் டைரக்டரியில் வைத்துச் சோதித்துவிட்டு, வெப்சைட் டைரக்டரிக்கு 'மூவ்' பண்ணினான். பக்கம் வரவில்லை, 'அனுமதி இல்லை' என்ற செய்திதான் வந்தது. அனுமதி எண்ணை 777 ஆக்கினான். அப்போதும் வரவில்லை. வராது! 777 என்பது சொந்தக்காரர் சொல்லும் 'பரவாயில்லப்பா, விடு'. லேபிள் காவலாளிக்கு அது காதில் விழாது. நான் போனபோது அவன் சொன்னது: "அண்ணே, எஸ்.இ.லினக்ஸ ஆஃப் பண்ணிட்டா எல்லாம் ஓடும்னு சொல்றாங்க. ஆஃப் பண்ணிடுங்கண்ணே!"

"தம்பி, மூட்டையில சீட்டு தப்பா இருக்குன்னா வாட்ச்மேனையா வீட்டுக்கு அனுப்புவ?" என்றேன். ரெஸ்டோர்கானை முதலில் 'சும்மா காட்டு, மாற்றாதே' என்ற விருப்பத்தோடு ஓட்டினோம். ஹோம் டைரக்டரி லேபிளோடு வந்திருந்த ஃபைல்கள் வரிசையாக விழுந்தன. பிறகு நிஜமாக ஓட்டினோம். அரை நிமிஷம், பக்கம் வந்துவிட்டது.

காவலாளியை அனுப்பினால் என்ன நஷ்டம்? இரண்டு நஷ்டம். முதலாவது உடனே தெரியாது: அவர் இல்லாத நாட்களில் உருவாகும் ஃபைல்களுக்குச் சீட்டே விழாது. ஆறு மாதம் கழித்துத் திரும்ப அழைத்தால், பாதி மூட்டையில் சீட்டு இல்லை. மெஷினே கிளம்ப மறுக்கலாம். அப்போது ரூட் டைரக்டரியில் 'ஆட்டோரீலேபிள்' என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு, ஒரு வெற்று ஃபைலை வைத்து மறுபடி கிளப்பி, டிஸ்க் முழுதும் லேபிள் ஒட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டும். மறந்துபோன ரூட் பாஸ்வேர்டை மாற்றும் பயிற்சியில் மாணவர்கள் இந்த ஃபைலை வைக்கிறார்களே, அதற்கும் காரணம் இதுதான். காவலாளி வேலைக்கு வருமுன் எழுதப்பட்ட பாஸ்வேர்டு ஃபைலில் உரிய லேபிள் இருக்காது. சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் உள்ளே போக முடியாது.

இரண்டாவது நஷ்டம் பெரியது. 2019 பிப்ரவரியில் 'ரன்சி' என்ற ப்ரோகிராமில் ஒரு ஓட்டை வெளியானது. கன்டெய்னர் என்ற அடைப்புக்குள் ஓடும் ஒரு கெட்ட ப்ரோகிராம் அடைப்பை உடைத்து, மெஷினின் ரூட் அதிகாரத்தையே பிடிக்க அது வழிசெய்தது. ஆர்.ஹெச்.இ.எல். 7-ல் எஸ்.இ.லினக்ஸ் இயங்கிக்கொண்டிருந்தால் இந்தத் தாக்குதல் பலிக்காது என்று ரெட் ஹாட் அப்போது அறிவித்தது. கன்டெய்னரின் லேபிளுக்கு மெஷினின் ப்ரோகிராம் ஃபைலில் எழுத உரிமை இல்லை, அவ்வளவுதான் காரணம். தொல்லை என்று வாட்ச்மேனை முன்பே அனுப்பிவிட்டவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

எது 'பழைய' நிலை?

இங்கே ஒரு நுட்பமான விஷயம். ரெஸ்டோர் என்றால் பழையபடி ஆக்குவது என்று நினைக்கிறோம். ஆனால் நேற்று என்ன லேபிள் இருந்தது என்பது ரெஸ்டோர்கானுக்குத் தெரியாது. அதற்கு ஞாபகம் கிடையாது. பட்டியலில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் ஒட்டும். ஆக, டிஃபால்ட் என்பது எழுதி வைத்த விதி. எழுதாமல் விட்டவர் விஷயத்தில் அதுவே முடிவு.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அமலுக்கு வந்தது. ஊர் இடம் மாறவில்லை. ஊரின் மேல் இருந்த ஆட்சி மாறியது. மக்கள்மேல் இருந்த 'பிரெஞ்சுக் குடிமகன்' என்ற சீட்டு என்ன ஆவது? ஒப்பந்தம் ஒரு டிஃபால்ட்டை எழுதி வைத்தது. இந்தப் பகுதிகளில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். வேண்டாம் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக் கொள்ளலாம். இங்கே பிறந்து, அன்று வேறு நாட்டில் குடியிருந்தவருக்கு டிஃபால்ட் நேர்மாறு: அவர் பிரெஞ்சுக் குடிமகனாகவே தொடர்வார்; இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் அவர்தான் எழுதித் தர வேண்டும். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகளில், ஒருவர் புதுச்சேரியிலும் ஒருவர் சைகோனிலும் இருந்திருந்தால், இருவரும் வாயே திறக்காமல் இரண்டு நாட்டுக்காரர்கள்!

மனிதரும் ஃபைலும் ஒன்றல்ல. ஒரு ஃபைலுக்குத் தவறான லேபிள் விழுந்தால் அரை நிமிஷத்தில் சரிசெய்யலாம். ஒரு குடும்பத்துக்கு விழுந்த சீட்டு பேரன் பேத்திவரை போகும். ஆனால் பாடம் ஒன்றுதான். டிஃபால்ட் யாருக்கு அதிகம் வேலை செய்கிறது என்றால், பேசாமல் இருப்பவருக்கு.

எழுதி வைத்தால் நிற்கும்

எஸ்.இ.லினக்ஸிலும் விதிவிலக்குக்கு இடமுண்டு. 'சிஹெச்கான்' என்ற கட்டளையால் லேபிளைக் கையால் மாற்றலாம். ஆனால் அது வாய்மொழி அனுமதி மாதிரி, பட்டியலில் ஏறாது. அடுத்த முறை யாராவது ரெஸ்டோர்கான் ஓட்டினால் பெரும்பாலும் அழிந்துபோகும். நிலையாக வேண்டுமென்றால் 'செமானேஜ்' கட்டளையால் பட்டியலிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும். பிறகு ரெஸ்டோர்கான் ஓட்டினால் உங்கள் விதிவிலக்கே டிஃபால்ட் ஆகிவிடும். நிர்வாகிகள் கையால் வைப்பது வழக்கம் என்று தனியாகக் குறித்து வைத்த சில வகை லேபிள்களை ரெஸ்டோர்கான் தானாகத் தொடாது. 'கட்டாயம்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால்தான் தொடும். இவ்வளவு பக்குவம் ஒரே நாளில் வந்ததில்லை. தினசரித் தொல்லைகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது.

இதெல்லாம் சர்வர்காரர் தலைவலி என்று நினைக்கும் நண்பர்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 4.3-ல், 2013-ல், எஸ்.இ.லினக்ஸ் வேடிக்கை பார்க்கும் நிலையில் நுழைந்தது. 2014-ல் வந்த 5.0 முதல் முழு அமல். ஃபோன் கிளம்பும்போது ரெஸ்டோர்கானும் வேலை செய்கிறது. பட்டியல் மாறாத இடத்தைத் தாண்டிப் போய், அப்டேட்டில் மாறியிருந்தால் மட்டும் திரும்ப ஒட்டுகிறது. அட்டவணையும் பட்டியலும் யாரோ சிலர் இருபது வருஷமாக வரி வரியாக எழுதித் திருத்தியவை.

லேபில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். 'அனுமதி இல்லை' என்று வந்தால், காவலாளியை அனுப்புமுன் லேபிளைப் பாருங்கள், 'எல்.எஸ்.' கட்டளையோடு பெரிய 'இசட்' சேர்த்தால் காட்டும். ரெஸ்டோர்கானைச் சும்மா ஓட்டிப் பாருங்கள், பிறகு நிஜமாக ஓட்டுங்கள். விதிவிலக்கு தேவைப்பட்டால் பட்டியலில் எழுதுங்கள். நாளைக்கு உங்கள் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். அவருக்கு உங்கள் ஞாபகம் உதவாது. நீங்கள் எழுதி வைத்த வரிதான் உதவும்.

 சந்தேகம் இருப்பவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடிக்கலாம். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.

- முன்னாள் மாணவர், தட்டாஞ்சாவடி